இடாப்பில் இல்லாத பெயர்கள்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் புறத்தே, வயல்களும் பனங்கூடல்களும் சூழ்ந்த வட்டுக்கோட்டையில், அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் நிறுவிய செமினரி என்னும் உயர்கலாசாலையின் சரித்திரத்தை எழுதப் புகும் ஒருவர், ஆதாரங்கள் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. முதல் அதிபராகிய டானியல் பூவரும் அவர் வழிவந்தோரும் பொஸ்டன் நகரத்திலிருந்த தங்கள் தலைமைச் சங்கத்துக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் உள்ளன. 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை உண்டு. அங்கே கல்வி பயின்று, பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரின் கீர்த்தியும் நாடறிந்தது. ஆயினும் அக்காகிதங்களை ஊன்றி வாசிப்போருக்கு, அவை ஒரு பக்கத்தார் மட்டுமே பேசிய பேச்சு என்பது விரைவிலேயே புலனாகிவிடும்.

அக்காலத்து மாணவரிற் பலர் அமெரிக்க உபகாரிகளின் பொருளுதவியைக் கொண்டே படித்தனர். உதவிய கனவானின் பெயரையே உதவிபெற்ற சிறுவனுக்கும் சூட்டுதல் அந்நாளைய வழக்கமாயிருந்தபடியால், பொஸ்டனுக்குச் சென்ற பட்டியல்களில் அம்மாணவர் அமெரிக்கப் பெயரோடு நிற்கின்றனர். அச்சிறுவனை அவன் தாய் என்ன பெயர் சொல்லி அழைத்தாள், எந்தக் குறிச்சியிலிருந்து அவன் நடந்து வந்தான், திரும்பிச் சென்றபோது சுற்றத்தார் அவனை எவ்வாறு ஏற்றுக்கொண்டனர் என்பனவெல்லாம் பட்டியலுக்கு வெளியே, பரம்பரைப் பேச்சாகச் சில குடும்பங்களில் மாத்திரம் தங்கியிருத்தல் கூடும். 1855இல் செமினரி மூடப்பட்டபோதும் இவ்வாறே, அதனை மூடச் சொன்னவர்களின் நியாயங்கள் அச்சேறிப் பத்திரமாக உள்ளன. பிள்ளையின் படிப்பு பாதியில் நின்றதென்று கேட்ட தந்தையின் சொல் எங்கும் பதிவாகவில்லை. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே மண்ணில் எழுந்ததற்கு உள்ளூரார் காட்டிய விடாமுயற்சியும் ஒரு காரணமென்பதை நினைத்தால், அச்சொல் அலட்சியம் செய்யத்தக்கதன்று என்பது விளங்கும்.

அந்தத் தலைமுறையாரிடம் நாம் இனிக் கேட்க இயலாது. ஆனால் பிந்திய காலத்தைப் பற்றிக் கேட்பதற்கு இன்னும் அவகாசம் உண்டு. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைத் தரையில் இருத்திய கொடுமை நீங்க வேண்டுமென்று 1920களிலும் அதன் பின்னரும் சம ஆசனம், சம போசனம் என்னும் கிளர்ச்சி நடந்தது; யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர் ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் நடத்திய வாலிபர் காங்கிரஸ் அதற்குத் துணைநின்றது. தலைவர்களின் உரைகள் அச்சில் கிடைக்கின்றன. ஒரு பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகமோ இத்தகைய விடயத்தை ஒரு வரியிற் கூறி அமைந்துவிடும், அல்லது கூறாமலே விட்டுவிடும். தரையில் இருந்த பிள்ளை முதல்நாள் வாங்கில் ஏறி இருந்தபோது பக்கத்திலிருந்தவன் விலகினானா, ஆசிரியர் என்ன செய்தார், தண்ணீர்க் குடத்தருகே நின்றவர் யார் என்னும் விவரங்களைத் தம் பெற்றோர் சொல்லக் கேட்டவர்கள் இன்று முதுமையடைந்து நம்மிடையே வாழ்கின்றனர். இவர்களுடைய வாக்குமூலம் இல்லாமல் எழுதப்படும் கல்லூரிச் சரித்திரம், எத்தனை படங்களோடு வெளிவரினும், குறைச் சரித்திரமே என்பது என் திடமான எண்ணம்.

காகிதம் நிலைக்கும், பேச்சு அழியும் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. எங்கள் நாட்டு அனுபவம் வேறு. 1933இல் க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் வீட்டில் சிறு அளவில் தொடங்கிய நூல் சேகரத்திலிருந்து வளர்ந்த யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தீயிடப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் போரின் காரணமாகக் குடாநாட்டின் வலிகாமத்து மக்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, வீட்டுப் பெட்டிகளிலிருந்த உறுதிகளும் கடிதங்களும் புகைப்படங்களும் பின்தங்கின. அந்நூலகத்தில் அமர்ந்து வாசித்தவர்களைத் தேடிச் சென்று, எந்த அலுமாரியில் எந்த நூல் இருந்தது, எதனைப் பிரதிசெய்து வைத்தீர்கள் என்று வினவுவதுகூட, எரிந்துபோன ஒரு சேகரத்தின் பட்டியலை ஓரளவு மீட்கும் உபாயமாகும். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் பேணுவதோடு வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்து வருவது மிகுந்த ஆறுதல் தருகிறது.

ஞாபகம் பிழைபடும் என்று ஆட்சேபிப்போர் உளர். உண்மைதான், முதியவர் ஒருவர் ஆண்டைச் சொல்லாமல், “சூறாவளிக்கு அடுத்த வருஷம்” என்பார். அது 1964 மார்கழிச் சூறாவளியென்று அறிந்து, சேர்விடாப்பையும் ஆண்டு மலரையும் எடுத்து ஒப்புநோக்குவது கேட்பவரின் கடமை. இரண்டும் முரண்பட்டால் ஒன்றை அழிக்கலாகாது. இரண்டையும் வைத்திருந்து, முரண்பாட்டையும் குறித்துவைக்க வேண்டும். சில வேளைகளில் இடாப்பே பொய் சொல்லியிருக்கும். பாடசாலையிற் சேர்ப்பதற்காகப் பிள்ளையின் வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதுவித்த பெற்றோர் எத்தனை பேர்!

பேச்சைப் பதிவுசெய்வோர் பொறுமையுடையோராதல் அவசியம். சொல்பவர் மௌனமானால் அந்த மௌனத்தை அவசரப்பட்டுக் கலைத்தல் கூடாது. அவருடைய ஊர்ப்பேச்சை இலக்கணத் தமிழாகத் திருத்துதல் அதனினும் கூடாது. உயிரோடிருக்கும் ஒருவரைப் பாதிக்கும் செய்தி வருமாயின், சொன்னவர் குறிக்கும் காலம்வரை அப்பகுதியை வெளியிடாது காத்தல் தருமம். பழைய ஒலிநாடாக்கள் ஈரத்திலும் பூஞ்சணத்திலும் நாளுக்குநாள் கெடுவதால், அவற்றைத் தாமதமின்றி மின்வடிவுக்கு மாற்றி, ஒரு பிரதியைச் சொன்னவர் குடும்பத்திடமும், ஒன்றைக் கல்லூரியிலும், ஒன்றைக் கடல் கடந்த வேறொரு நிலையத்திலும் வைத்தல் வேண்டும். ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் வைப்பதன் அபாயத்தை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இம்முயற்சியை மேற்கொள்ளும் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓய்வுபெற்ற அதிபர்களின் பேச்சு பரிசளிப்பு விழா அறிக்கைகளில் ஏற்கெனவே பெரும்பாலும் பதிவாகியிருக்கும். ஆகையால் முதலில் விடுதிச் சமையற்காரரின் வீட்டுக்குச் செல்லுங்கள். மணியடித்தவர், ஆய்வுகூடத்தில் குடுவை கழுவியவர், மைதானத்தில் புல் செருக்கியவர், கட்டணம் கட்ட வழியின்றி இடையில் நின்றுவிட்ட மாணவர் ஆகியோரைத் தேடுங்கள். அவருள் எண்பது வயதைக் கடந்தவரிடம் இந்த மாதமே செல்லுங்கள். மற்றையோரை ஆறுதலாகப் பின்னர் கேட்கலாம்.