ஒரு வாரத்து ராச்சாப்பாடு



வீட்டுச் சமையலைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. சமைக்கிறது நம்ம எல்லோருக்கும் தெரியும். "இன்னிக்கு ராத்திரி என்ன வைக்கிறது" என்கிற யோசனைதான் தினமும் நம்மைப் போட்டு வாட்டுது. ஒண்ணும் தோணாத அன்னிக்குக் கடைக்குப் பிள்ளையை அனுப்பி 20 ரூபாய்க்கும் 30 ரூபாய்க்கும் வாங்குறோம். மாசக் கடைசியில் கடை நோட்டைப் பார்த்தால்தான் எவ்வளவு போச்சுன்னு தெரியுது.

அதனால் எங்க வீட்டில் சந்தைக்குப் போகும் முன்னாலேயே ஏழு ராத்திரிக்கும் ஒரு தாளில் எழுதிடுவேன். எங்க ஊர்ச் சந்தை திங்கட்கிழமை. சீக்கிரம் வாடுற காய் முதலில், தாங்குற காய் பிறகு, இதுதான் கணக்கு. ராத்திரியில் கீரை ஆகாதுன்னு பெரியவங்க சொல்றதால் கீரை மதியத்துக்குப் போயிடும்.

திங்கள்: வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம்.
செவ்வாய்: கத்தரிக்காய் போட்ட தட்டைப்பயறு குழம்பு. பயறைக் காலையிலேயே ஊற வைக்கணும்.
புதன்: முருங்கைக்காய் சாம்பார்.
வியாழன்: கேழ்வரகு அடை, தேங்காய்ச் சட்னி.
வெள்ளி: பருப்புப் போட்ட பூசணிக்காய்க் கூட்டு, ரசம். அன்னிக்கே மாவு ஆட்டிடணும்.
சனி: தோசை, வேர்க்கடலைச் சட்னி.
ஞாயிறு: மதியம் வைத்த முட்டைக் குழம்பு, இட்லி.

ரேஷனில் மாசம் 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குத் தர்றாங்க. அதை நாலு வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 250 கிராம். அதனால்தான் புதனும் வெள்ளியும் மட்டும் பருப்பு, ஒவ்வொரு தடவையும் 125 கிராம். மத்த நாளில் பயறு, கடலை, முட்டை அந்தச் சத்தைக் கொடுத்துடும். சோறு வடிக்கிற நாளில் காலைப் பழையதுக்கும் சேர்த்தே அரிசி போட்டுடலாம்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எத்தனை திட்டம் போட்டாலும் நாம கடைசியாத்தான் உட்கார்றோம். காயெல்லாம் மத்தவங்க தட்டுக்குப் போயிடுது, நமக்கு அடிக்குழம்பும் ரசமும்தான். அம்மா அப்படிச் சாப்பிடுறதைப் பார்த்து வளர்ற பொண்ணும் நாளைக்கு அதைத்தான் செய்யும். ரத்தசோகைன்னு மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கிறோம். தட்டில் என்ன விழுதுன்னு யாரும் பார்க்கிறதில்லை.

நம்ம குழுவில் சேமிப்பை எப்படிப் போடுறோம்? செலவு போக மிச்சம் இருந்தால் போடலாம்னு இருந்திருந்தால் ஒரு பாஸ்புக்கும் நிறைஞ்சிருக்காது. முதலில் எடுத்து வைக்கிறோம், அப்புறம்தான் செலவு. நம்ம சாப்பாட்டுக்கும் அதே விதிதான். பரிமாறும் முன்னாடியே நம்ம பங்குக் காயையும் முட்டையையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைங்க. வீட்டில் அஞ்சு பேர்னா அஞ்சு முட்டை, நாலு இல்லை. மாமியார் ஏதாவது சொன்னால், "அத்தை, உங்களுக்கும் சேர்த்துத்தான் எடுத்து வச்சிருக்கேன்"னு சொல்லுங்க.

இன்னொண்ணு. கீரை, பயறில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சம்பழம், நெல்லிக்காய் உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது சேராமல் தடுக்கும். டீயைக் கொஞ்ச நேரம் கழித்துக் குடிக்கலாம்.

அடுத்த வாரக் கூட்டத்துக்கு வரும்போது எல்லோரும் உங்க வீட்டு ஏழு நாள் தாளைக் கொண்டு வாங்க. ஒருத்தர் தாளைப் பார்த்து இன்னொருத்தர் கத்துக்கலாம்.