இரு தேசங்களும் நம் வாழ்வும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய பேச்சு)



இலங்கையில் வாழ்வது மேலா, கட்டாரில் வாழ்வது மேலா என்ற கேள்வி இன்று நற்பிட்டிமுனையில் வீட்டுக்கு வீடு எழுகின்றது. எனது வீட்டிலும் எழுந்தது. என் அண்ணன் எட்டு வருடங்களாக டோஹாவில் வேலை செய்கிறார். இந்நாட்டில் சர்வகலாசாலைக் கல்வி இலவசம். ஆயினும் என் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அவருடைய உழைப்பிலிருந்தே வருகின்றன. ஆதலால் அந்த நாட்டைப் பழித்துப் பேச எனக்கு வாயில்லை; புகழ்ந்து மட்டும் பேச மனமுமில்லை.

சரித்திரத்தைச் சற்று நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபு முத்துக்குளிப்போர் நமது மன்னார்க் கடலுக்குப் பிழைப்புத் தேடி வந்தார்கள். 1930களில் யப்பானியரின் வளர்ப்பு முத்துக்கள் சந்தையை நிறைத்தபோது கட்டார் வறுமையில் வாடியது. பின்னர் துக்கானில் எண்ணெய் கிடைத்தது. 1971 இல் கடலுக்கடியில் பெரும் எரிவாயு வயலும் கண்டறியப்பட்டது. இன்று அந்நாட்டின் தலைக்குரிய வருமானம் நம்முடையதிலும் பதின்மடங்குக்கு மேல்.

ஆனால் வருமானம் ஒன்றுதானா வாழ்வு? பாகிஸ்தானியப் பொருளியலறிஞர் மஹ்பூப் உல் ஹக் அவர்களின் முயற்சியால், ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து அளக்கும் முறையொன்றை ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் 1990 இல் வெளியிட்டது. அவ்வளவையில் கட்டார் மிக உயர்ந்த வகுப்பில் நிற்கிறது; இலங்கை அதற்கு அடுத்த வகுப்பில் நிற்கிறது. பணம் பதின்மடங்கு, வகுப்பில் இடைவெளியோ ஒரு படி! காரணம் யாது? 1931 இல் கிடைத்த சர்வசன வாக்குரிமை, 1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, காசு கேளாத அரசாங்க ஆஸ்பத்திரி ஆகியவையே. மலேரியாவை ஒழித்த நாடென்று 2016 இல் உலக சுகாதார நிறுவனமும் நமக்குச் சான்று தந்தது.

இதைச் சொல்லிப் பெருமையோடு உட்கார்ந்துவிடலாமா? 2022 இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றதை யார் மறப்பார்? ஆஸ்பத்திரி இருந்தது, மருந்துக்குத் தட்டுப்பாடு. அந்நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பு அண்ணன் அனுப்பிய றியாலில் எரிந்தது.

கட்டாரில் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் வெளிநாட்டவர். 2020 இன் சீர்திருத்தத்தால் முதலாளியின் அனுமதியின்றி வேலை மாறலாம் என்றாயிற்று. 2021 முதல் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 1,000 றியால். கோடையில் காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கலாகாது. நல்ல சட்டங்களே. ஆயினும் எத்தனை வருடம் உழைத்தாலும் அவன் அந்நாட்டுப் பிரசையாவது அரிது. தொழிற்சங்கம் அமைக்கவும் உரிமையில்லை.

அப்பா காலமானபோது அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. மூத்த மகன் செய்யவேண்டிய கடமையை நான் செய்தேன். அவர் தொலைபேசியில் பார்த்து அழுதார். அன்றிரவு முழுவதும் அருகிலிருந்து அவரைத் தேற்றியவர், அவருடைய அறைத் தோழரான நம்மூர் முஸ்லிம் சகோதரர். இங்கே வேலிக்கு இப்புறமும் அப்புறமுமாக நிற்கும் நாம், அங்கே ஒரே பானைச் சோற்றை உண்கிறோம்.

நண்பர்களே! போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகிறவர் ஒரு தொழிலைக் கற்றுச் சான்றிதழோடு போகட்டும். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து, ஒப்பந்தத்தை விளங்கிக்கொண்டு போகட்டும். விடுமுறைக்கு நான் ஊரில் நிற்கும் நாட்களில், வாரம் ஒரு மாலை நம் சங்க மண்டபத்திலிருந்து அவ்வொப்பந்தங்களை வாசித்து விளக்கத் தயாராயிருக்கிறேன். மிசன் பாடசாலை எனக்குத் தந்த ஆங்கிலம் அதற்காவது பயன்படட்டும். பெரியோர்களே! அங்கிருந்து வரும் காசையெல்லாம் மதிலுக்கும் மாடிக்கும் கொட்டிவிடாது, ஒரு பங்கையாவது பிள்ளைகளின் படிப்புக்கும், போனவர் திரும்பி வந்து செய்யும் தொழிலுக்குமாக ஒதுக்கி வையுங்கள்.

போன கிழமை அண்ணன் என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் வந்தால் ஊரில் எனக்கு என்ன வேலை இருக்கும்?" விடை என்னிடம் இருக்கவில்லை. அக்கேள்வியை இந்தச் சபையின் முன் வைத்து அமர்கின்றேன்.