‘ஹேட் டர்ன்ட் டவுன்’: வினையடைக்கு இடம் எங்கே?

யாருடைய நினைவைப் போற்றக் கூடியிருக்கிறோமோ, அந்தப் பேராசிரியர் இலக்கண வகுப்பில் மாணவர்களை எதிர்க்கேள்வி கேட்கத் தூண்டியவர். ஆகவே ஒரு வழக்கை முன்வைப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று கருதி, நேரே பொருளுக்கு வருகிறேன்.

வழக்கு உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். விடைத்தாள் திருத்தும் முகாம்களில் ஆண்டுதோறும் எழுவது. ஒரு மாணவி ‘ஷி ஹேட் பொலைட்லி டர்ன்ட் டவுன் தி ஆஃபர்’ என்று எழுதுகிறாள். ஒரு சாரார் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள்: ‘ஹேட் டர்ன்ட்’ என்பது ஒரே வினை, நடுவே எதுவும் நுழையக் கூடாது என்கிறார்கள். இன்னொரு சாரார் வேறு காரணம் சொல்லிக் குறைக்கிறார்கள்: ‘டர்ன் டவுன்’ என்ற ஃப்ரேசல் வெர்ப் ஒரே சொல்லுக்குச் சமம், ‘ஹேட்’ முதல் ‘டவுன்’ வரை ஒரே கட்டு, வினையடை வாக்கியத்தின் கடைசியில்தான் வர வேண்டும் என்கிறார்கள். மாணவி எழுதியது பழுதில்லாத ஆங்கிலம். இரு சாராரும் தவறு என்பதே என் கட்சி.

முதல் சாராருக்கு நீண்ட பதில் தேவையில்லை. துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் இடையில் வினையடை நிற்பதே ஆங்கிலத்தின் இயல்பு என்று ஃபௌலர் 1926இலேயே தம் அகராதியில் எழுதிவிட்டார். ‘டு’வையும் வினையையும் பிரிக்கக் கூடாதென்ற பழைய அச்சம் இங்கேயும் பரவியதை அவரே கண்டித்தார். நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய ரென் அண்ட் மார்ட்டினும், வினை ஒன்றுக்கு மேற்பட்ட சொல்லாக இருந்தால் ‘ஆல்வேஸ்’, ‘நெவர்’ போன்றவற்றை முதல் சொல்லுக்குப் பின் வை என்றுதான் சொல்கிறது. இந்த அச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று. 2009 ஜனவரி 20 அன்று ஒபாமாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்த தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், அரசியல் சட்டத்தில் ‘வில்’லுக்கும் ‘எக்ஸிக்யூட்’டுக்கும் நடுவில் இருக்கும் ‘ஃபெய்த்ஃபுல்லி’யைத் தள்ளிக் கடைசியில் வைத்தார். பிரமாணம் மறுநாள் மீண்டும் எடுக்கப்பட்டது. பிரிக்கக் கூடாதென்ற நடை விதி அவர் மனதில் ஊறியிருந்ததே காரணம் என்று ஸ்டீவன் பிங்கர் எழுதினார்.

நம் மாணவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. தமிழில் ‘மறுத்திருந்தாள்’ என்பதன் நடுவே வினையடையைச் செருக முடியாது. ‘மரியாதையாக மறுத்திருந்தாள்’ சரி. ‘மறுத்து மரியாதையாக இருந்தாள்’ என்றால் பொருளே வேறு. இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் ‘ஹேட்’டுக்குப் பின் வினையடை வைக்கத் தயங்குவது புரிகிறது. அதை விதியாக்கி மதிப்பெண் குறைப்பதுதான் புரியவில்லை.

இரண்டாம் சாராரின் வாதம் கனமானது. ‘டர்ன் டவுன்’ என்றால் மறுப்பது, பொருள் ஒன்று. 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே ஜான்சன், வினையோடு இப்படிப்பட்ட சிறு சொல் சேர்ந்து புதுப்பொருள் தருவது அயலாருக்குப் பெரும் இடர் என்று குறித்தார். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் 1925இல் லோகன் பியர்சல் ஸ்மித்தின் நூல் வழியே பரவியது. பெயரைத் தந்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஹென்றி பிராட்லி என்று அவரே சொல்கிறார். பொருள் ஒன்று என்பதை நானும் ஏற்கிறேன். அதிலிருந்து சொல்லும் ஒன்று என்று முடிவு கட்டுவதில்தான் பிழை பிறக்கிறது.

‘டர்ன்ட் டவுன்’ என்ற ஒரே சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். இதை நான் வேண்டுமென்றே பாஸ்ட் பெர்ஃபெக்டில் வைக்கிறேன். ‘ஷி பொலைட்லி டர்ன்ட் டவுன்’ என்ற சாதாரண இறந்தகாலத்தில் வினையடை எழுவாயை ஒட்டி நிற்கிறதா, வினையை ஒட்டி நிற்கிறதா என்று சொல்ல முடியாது. ‘ஹேட்’ வந்ததும் அந்த இரண்டு இடங்களும் பிரிந்துவிடுகின்றன. ‘ஷி பொலைட்லி ஹேட் டர்ன்ட் டவுன்’ என்று காதுக்கு இசைய யாரும் சொல்வதில்லை. ‘ஹேட் பொலைட்லி டர்ன்ட் டவுன்’ தடையில்லாமல் வருகிறது.

இப்போது மூன்று வாக்கியங்கள். ஒருத்தி சந்துக்குள் திரும்பியிருந்தாள்: ‘ஷி ஹேட் டர்ன்ட் டவுன் தி லேன்’. விளக்கின் திரியைத் தாழ்த்தியிருந்தாள்: ‘ஷி ஹேட் டர்ன்ட் டவுன் தி லேம்ப்’. வந்த வாய்ப்பை மறுத்திருந்தாள்: ‘ஷி ஹேட் டர்ன்ட் டவுன் தி ஆஃபர்’. எழுதிப் பார்த்தால் கடைசிச் சொல் மட்டும்தான் மாறுகிறது. ஆனால் ‘குவிக்லி’யை ‘டவுன்’ முன்னால் வைத்துப் பாருங்கள். ‘ஹேட் டர்ன்ட் குவிக்லி டவுன் தி லேன்’ நல்ல ஆங்கிலம். ‘ஹேட் டர்ன்ட் குவிக்லி டவுன் தி ஆஃபர்’ எந்த ஆங்கிலேயரும் சொல்லாதது. சந்து வாக்கியத்தில் ‘டவுன்’ ஒரு பிரெபொசிஷன். ‘லேன்’ அதற்குச் சொந்தம். வாய்ப்பு வாக்கியத்தில் அது பார்ட்டிகிள், வினைக்குச் சொந்தம். குவெர்க்கும் அவர் கூட்டாளிகளும் 1985இல் எழுதிய பேரிலக்கணம் இந்த இரண்டையும் பிரித்தறிய இதே சோதனையைத் தருகிறது.

இதைக் கேட்டதும் எதிர்த்தரப்பு, ‘பார்த்தீர்களா, நடுவே நுழைய முடியவில்லை, ஒரே சொல்தான்’ என்கிறது. இல்லை. ‘தி ஆஃபர்’ என்பதற்குப் பதில் ‘இட்’ போடுங்கள். ‘ஹேட் டர்ன்ட் இட் டவுன்’ என்றுதான் வர வேண்டும். ‘ஹேட் டர்ன்ட் டவுன் இட்’ கூடாது. ஒரே சொல் என்றால் ‘இட்’ அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு நிற்பது எப்படி? நிற்கலாம் என்பது கூட அல்ல, நின்றே ஆக வேண்டும். ஆக வினையும் பார்ட்டிகிளும் இரண்டு சொற்கள். நடுவில் செயப்படுபொருளுக்கு இடம் உண்டு, ‘பொலைட்லி’ போன்ற வினையடைக்கு இல்லை. தடை வினையடைக்கு மட்டுமே.

அந்தத் தடையும் முழுமையானதல்ல. விளக்குக்கு வாருங்கள். ‘ஷி ஹேட் டர்ன்ட் தி லேம்ப் ரைட் டவுன்’ சரி. ‘டர்ன்ட் தி லேம்ப் ஸ்லோலி டவுன்’ என்றும் சொல்லலாம். ‘டர்ன்ட் தி ஆஃபர் ரைட் டவுன்’ சொல்ல முடியாது. விளக்கு வாக்கியத்தில் ‘டவுன்’ தன் சொந்தப் பொருளைக் காக்கிறது: திரி உண்மையாகவே கீழே போகிறது. அதனால் ‘ரைட்’ அதைத் தழுவ முடிகிறது. வாய்ப்பு எங்கும் கீழே போவதில்லை. தழுவ ஒன்றும் இல்லை. விளக்கு வாக்கியத்திலும் ‘ரைட்’ நிற்க வேண்டுமானால் செயப்படுபொருள் முன்னால் வந்துவிட வேண்டும். ‘டர்ன்ட் ரைட் டவுன் தி லேம்ப்’ நடக்காது.

‘ஃப்ளாட்’ இன்னும் நுட்பமானது. ஒருவன் பெண் கேட்க, அவள் முகத்துக்கு நேரே மறுத்துவிட்டிருந்தாள். ‘ஷி ஹேட் ஃப்ளாட்லி டர்ன்ட் ஹிம் டவுன்’ அல்லது ‘ஷி ஹேட் டர்ன்ட் ஹிம் டவுன் ஃப்ளாட்’. ‘லி’ சேர்ந்தது ‘ஹேட்’டுக்குப் பின்னால் நிற்கிறது, சேராதது கடைசியில் நிற்கிறது, ‘ஹிம்’முக்கும் ‘டவுன்’னுக்கும் நடுவே இரண்டுமே வருவதில்லை. இந்த ஒரு வினையை வகுப்பில் ஒரு மணி நேரம் எழுதிக் காட்டினால், ‘ஒரே சொல்’ என்ற விதியை எந்த மாணவரும் நம்ப மாட்டார்.

இன்னொன்று. ‘ஹேட் டர்ன்ட் டவுன் பொலைட்லி தி ஆஃபர்’ என்று மாணவர் எழுதினால் அது பிழைதான். ஆனால் ‘ஹேட் ரெஃப்யூஸ்ட் பொலைட்லி தி ஆஃபர்’ என்பதும் அதே பிழை. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே வினையடை நிற்பதை ஆங்கிலம் விரும்புவதில்லை. இந்தக் குற்றத்தை ஃப்ரேசல் வெர்ப்பின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

செயப்படுபொருள் இல்லாதவை எளியவை. ‘தி பஸ் ஹேட் கம்ப்ளீட்லி ப்ரோக்கன் டவுன்’, ‘ஹேட் ப்ரோக்கன் டவுன் கம்ப்ளீட்லி’ இரண்டும் சரி. ‘ஹேட் கம் ஸ்ட்ரெய்ட் பேக்’ என்பதில் ‘பேக்’ தன் பொருளோடு நிற்பதால் ‘ஸ்ட்ரெய்ட்’ நுழைகிறது.

காலம் காட்டும் வினையடைகள் தனிப் பொருள். தொட்டுக் காட்ட மட்டுமே முடிகிறது. ‘தே ஹேட் செட் அவுட் அட் சிக்ஸ்’ என்றால் ஆறு மணிக்குக் கிளம்பினார்களா, ஆறு மணிக்குள் கிளம்பிப் போய்விட்டிருந்தார்களா? ரைகன்பாக் 1947இல் பிரித்துக் காட்டிய நிகழ்வு நேரம், நோக்கு நேரம் இரண்டும் இங்கே ஒரே ‘சிக்ஸ்’ மேல் மோதுகின்றன. ‘அட் சிக்ஸ்’ முன்னால் போனாலோ ‘ஆல்ரெடி’ சேர்ந்தாலோ தராசு இரண்டாவது பக்கம் சாய்கிறது.

இளைய ஆய்வாளர்களுக்குச் சில குறிப்புகள். ‘ஹேட் பீன் பொலைட்லி டர்ன்ட் டவுன்’, ‘ஹேட் பொலைட்லி பீன் டர்ன்ட் டவுன்’ இரண்டில் எது எங்கே மிகுதி என்று பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸில் தேடலாம். நம் ஆங்கில நாளிதழ்களின் வழக்கை அதனோடு ஒப்பிடலாம். ‘அப்’ என்ற பார்ட்டிகிளை மட்டும் எடுத்து, எது சொந்தப் பொருளைக் காக்கிறது, எது இழந்தது என்று ‘ரைட்’ சோதனையால் வகைப்படுத்தலாம். மூன்று சொல் வினைகளும் இருக்கின்றன: ‘ஹேட் புட் அப் பேஷன்ட்லி வித் தி நாய்ஸ்’ என்பதில் ‘அப்’புக்கும் ‘வித்’துக்கும் நடுவே வினையடை தாராளமாக நிற்கிறது; அது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கே போதும். அதற்குள், இந்த ஆண்டு திருத்தும் முகாமுக்கான விடைக்குறிப்பில் ‘ஹேட்’டுக்குப் பின்னும் வாக்கியக் கடைசியிலும் வினையடை எழுதிய இருவருக்கும் முழு மதிப்பெண் என்று ஒரு வரி சேர்க்கும்படி இந்த அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.