தெரபி வீட்டுக்கே வந்தா சரிப்படுமா?

சங்கரன்கோவில்ல இருந்து ஒரு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. பையனுக்கு மூணு வயசு, ஆட்டிசம். தெரபிக்குத் திருநெல்வேலிக்குப் பஸ்ல போக வர மூணு மணி நேரம். "வீட்டுக்கே வந்து பிஹேவியர் தெரபி தர்றோம்னு சொல்றாங்க, ஒத்துக்கலாமா தம்பி?"ன்னு கேட்டிருந்தாங்க. நான் கோடு எழுதுற ஆளு, தெரபிஸ்ட் இல்ல. படிச்சதை வச்சுப் பேசுறேன்.

"வாரத்துக்கு 40 மணி நேரம் வேணும்"னு சில இடங்கள்ல சொல்வாங்க. அந்த எண்ணுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1987ல அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் வெளியிட்ட ஆய்வுல 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் தனித்தனியா பயிற்சி கொடுத்தாங்க. நல்ல பலன்னு எழுதினார். ஆனா அதட்டுறதும், சில சமயம் தொடையில தட்டுறதும்கூட அந்தப் பயிற்சியில இருந்தது. ஆட்டிசம் உள்ள பெரியவங்க பலர் இந்த முறையைக் கடுமையா விமர்சிக்கிறது சும்மா இல்ல. அதுபோக, 40 மணி நேரம்னா நம்ம ஆபீஸ் டைமிங். மூணு வயசுப் பிள்ளைக்கு!

நம்ம நிலைமைக்குக் கிட்ட வர்ற ஆய்வு 2016ல லான்செட் சைக்கியாட்ரி இதழ்ல வந்தது. கோவாவுலயும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலயும் 65 குழந்தைகள். நிபுணர் இல்லாத சாதாரணப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவங்க மூலமா பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. ஆறு மாசத்துல 12 அமர்வு, அவ்வளவுதான். பெற்றோர் பிள்ளையோட விளையாடுறதை வீடியோ எடுத்து, கூட உட்கார்ந்து பார்ப்பாங்க. பிள்ளை தானா முன்வந்து பேச்சையோ விளையாட்டையோ தொடங்குறது கூடுச்சு. எல்லா அளவுகோல்லயும் முன்னேற்றம் வரல, அதையும் சொல்லிடணும். இது லோவாஸ் பாணி தெரபியும் இல்ல.

இதெல்லாம் தூரத்து விஷயம்னு நினைக்காதீங்க. நம்ம தென்காசி மாவட்டத்துலயே ஆய்க்குடியில அமர் சேவா சங்கம் இருக்கு. உடம்பு செயலிழந்த நிலையில எஸ். ராமகிருஷ்ணன் 1981ல தொடங்கினது. வளர்ச்சி தாமதமான குழந்தைகளோட வீட்டுக்கே அவங்க பணியாளர்கள் போறாங்க. அதுக்குன்னு ஒரு மொபைல் ஆப் இருக்கு: பணியாளர் வீட்ல பார்த்ததைப் பதிவு பண்ணுவாங்க, நிபுணர் மேற்பார்வை பார்ப்பாங்க. டெக் ஆளா எனக்கு இதுல பிடிச்சது, ஆப் தெரபி பண்றதில்ல, வர்ற மனுஷருக்குத் துணையா மட்டும் நிக்குது.

இப்ப அக்கா வீட்டுக்கு வருவோம். முதல் கேள்வி, தெரபிஸ்ட் போன பிறகு யார் செய்யப் போறாங்க? வாரத்துல நாலு மணி நேரம் அவங்க வந்தாலும் மீதி நேரம் பூரா குடும்பம்தான். பெரும்பாலும் அது அம்மா தலையிலதான் விழும். சமையல், வேலை, இன்னொரு பிள்ளை, அதுக்கு மேல இதுவும்னா ரெண்டு மாசத்துல ஆள் ஓய்ஞ்சிடுவாங்க. மச்சான் தினமும் அரை மணி நேரம் உட்காருவாரா? மாட்டார்னா, இப்போதைக்கு வேண்டாம்னுதான் நான் சொல்வேன். சென்டருக்கு வாரம் ஒரு தடவை போறதே மேல்.

ஆச்சிகிட்டயும் பேசணும். தண்ணி வேணும்னு பிள்ளை கையால காட்டுற வரைக்கும் நீங்க காத்திருப்பீங்க. ஆச்சி பாசத்துல சொம்போட ஓடி வந்துடுவாங்க. ஆச்சி மேல தப்பில்ல, அவங்களையும் அமர்வுல உட்கார வைங்க. அப்புறம் வீடு. பக்கத்துல தறி ஓடுற தெருன்னா, அந்தச் சத்தத்துலயும் பிள்ளையால கவனிக்க முடியுதான்னு பாருங்க.

வர்றவங்ககிட்ட மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு இருக்கான்னு கேளுங்க. கூச்சமே வேண்டாம். என்ன இலக்குன்னும் கேளுங்க. "கண்ணைப் பார்க்க வைப்போம், கையை ஆட்டாம இருக்க வைப்போம்"னா யோசிங்க. "பசின்னா காட்டுவான், பாத்ரூம்னா சொல்வான்"னா பேச்சை மேல தொடரலாம். கதவைச் சாத்திக்கிட்டுத்தான் பண்ணுவோம்னு சொன்னா அங்கேயே முடிச்சுக்கோங்க.

செலவுக்கு ஒண்ணு: தேசிய அறக்கட்டளையோட நிராமயா இன்ஷூரன்ஸ் ஆட்டிசத்துக்கும் உண்டு, வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. மாற்றுத்திறனாளி சான்றிதழ் இல்லாம அதுல சேர முடியாது, அதனால அந்த வேலையை முதல்ல ஆரம்பிங்க.