கிட்னி கொடுத்தவங்களுக்கும் ஒரு ஃபைல்

இந்த வாரம் கெஸ்ட் யாரும் கிடையாது, நான் மட்டும்தான். போன எபிசோடுல பேச்சோட பேச்சா "எனக்கு ஒரு கிட்னிதான்"னு சொல்லிட்டுப் போயிட்டேன். அதுக்கப்புறம் இன்பாக்ஸ் நிரம்பிப் போச்சு. "வலிச்சுதா?" "இப்ப எப்படி இருக்கீங்க?" இதெல்லாம் ஒரு பக்கம். "எங்க அம்மா அப்பாவுக்குக் கொடுக்கப் போறாங்க, நாங்க என்ன தயார் பண்ணணும்?"னு கேட்டவங்க இன்னொரு பக்கம். ரெண்டாவது வகைதான் அதிகம். அதனால இன்னைக்கு முழுக்க அதைத்தான் பேசப் போறேன். நான் டாக்டர் இல்லை. ஆபரேஷன் டேபிள்ல படுத்தவ, அவ்வளவுதான். உங்க உடம்பு சம்பந்தமான முடிவு எதுவா இருந்தாலும் உங்க டாக்டர்கிட்ட கேட்டுத்தான் எடுக்கணும்.

சுருக்கமா பின்னணி. எங்க அண்ணனுக்கு ஐஜிஏ நெஃப்ரோபதி. வெளியில பெருசா எதுவும் காட்டாமலேயே பல வருஷமா கிட்னியை அரிச்சுட்டு வர்ற வியாதி. கண்டுபிடிச்சப்ப டயாலிசிஸ் வரைக்கும் வந்தாச்சு. வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அம்மாவுக்கு சர்க்கரை இருக்கு, அதனால அவங்க கொடுக்க முடியாது. அண்ணியோட ப்ளட் குரூப் சேரலை. அடுத்தது நான். அப்ப எனக்கு 31 வயசு.

டோனருக்கு எடுக்கிற டெஸ்ட்டெல்லாம் உங்களை எப்படியாவது சேர்த்துக்கிறதுக்குன்னு நினைக்காதீங்க. உங்களை வேண்டாம்னு சொல்ல ஏதாவது காரணம் கிடைக்குமான்னு அலசுவாங்க. அப்படித்தான் இருக்கணும். நல்லா இருக்கிற ஒரு ஆளை, அவங்களுக்குத் தேவையே இல்லாத ஒரு ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க இல்லையா? ரத்தம், சர்க்கரை, பிரஷர், நெஞ்சு எக்ஸ்ரே, ஈசிஜி எல்லாம் உண்டு. உங்க ரத்தத்தையும் வாங்குறவங்க ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிற கிராஸ்மேட்ச் உண்டு. அப்புறம் 24 மணி நேர யூரின். ஒரு பெரிய கேன் கொடுத்து, ஒரு நாள் முழுக்கப் போறது அத்தனையும் இதுலதான்னு சொல்லுவாங்க. அந்தக் கேனை மடியில வெச்சுக்கிட்டு ஷேர் ஆட்டோவுல போன அனுபவத்துக்குத் தனி எபிசோடே போடலாம். (சிரிப்பு)

சிடி ஆஞ்சியோகிராம்ல ஒவ்வொரு கிட்னிக்கும் எத்தனை ரத்தக்குழாய் போகுதுன்னு பார்ப்பாங்க. டிடிபிஏ ஸ்கேன்ல எது எவ்வளவு வேலை செய்யுதுன்னு தெரியும். பெரும்பாலும் இடது கிட்னியைத்தான் எடுப்பாங்க. அதோட சிரை கொஞ்சம் நீளம், வாங்குறவங்க உடம்புல தைக்க வசதி. ஆனா ரெண்டுல ஒண்ணு கொஞ்சம் பலம் குறைஞ்சதுன்னா, நல்லதை டோனருக்கே விட்டுட்டு மற்றதைத்தான் எடுப்பாங்க. இது பொதுவான விதி. எங்க அம்மாவுக்கு இதைக் கேட்டப்ப கொஞ்சம் வருத்தம், "அண்ணனுக்கு நல்லதைத் தரக் கூடாதா"ன்னு. அம்மாங்க அப்படித்தான்.

அடுத்து கமிட்டி. 1994-ல வந்த உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பை விக்கிறதையும் வாங்குறதையும் குற்றமாக்கிருச்சு. கணவன், மனைவி, அப்பா, அம்மா, பிள்ளைங்க, கூடப் பிறந்தவங்க எல்லாம் நெருங்கிய உறவு. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைங்க 2011 திருத்தத்துல சேர்ந்தாங்க. உறவுதான்னு நிரூபிக்க ரேஷன் கார்டு, ஸ்கூல் சர்டிஃபிகேட், சின்ன வயசு போட்டோ வரைக்கும் எடுத்துட்டுப் போனேன். "பணம் வாங்கினியாம்மா?"ன்னு கேமரா முன்னாடி கேட்டாங்க. கோபம் வந்தது. வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்'னு சொன்ன காலம் ஒண்ணு இருந்ததுன்னு பிறகுதான் படிச்சேன். கிட்னி வித்த 305 பேரைச் சென்னையில சந்திச்சு எடுத்த ஆய்வு ஒண்ணு 2002-ல வெளியானது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்கத்தான் வித்திருந்தாங்க. அதுல பெரும்பாலானவங்க வித்த பிறகும் கடன்லதான் இருந்தாங்க, உடம்பும் முன்ன மாதிரி இல்லைன்னாங்க. அதைப் படிச்ச பிறகு அந்தக் கேள்வி மேல எனக்கு இருந்த கோபம் போயிருச்சு.

தனி கவுன்சலிங் பத்திச் சொல்லணும். குடும்பத்துல யாரும் இல்லாம டோனரை மட்டும் உட்கார வெச்சுப் பேசுவாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி எந்த நிமிஷம் வேணும்னாலும் 'வேண்டாம்'னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. காரணத்தைக் குடும்பத்துக்கிட்ட சொல்லணும்னு கட்டாயம் இல்லை. "மருத்துவ ரீதியா சரிப்படலை"ன்னு மட்டும் டாக்டர் வெளியில சொல்லிக்கலாம். என்கிட்ட இதைச் சொன்னப்ப நான் கொடுக்கிறதுன்னு முடிவு பண்ணியிருந்தேன். இருந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்குன்னு தெரிஞ்சது பெரிய நிம்மதி. நம்ம நாட்டுல உயிரோட இருக்கும்போதே கிட்னி கொடுக்கிறவங்கள்ல பெண்கள்தான் அதிகம், வாங்குறவங்கள்ல ஆண்கள் அதிகம். அம்மா, மனைவி, அக்கா, தங்கச்சின்னு வரிசையா நிக்கிறாங்க. அன்புன்னு சொல்லலாம். அந்த அன்புல எவ்வளவு பங்கு 'வேற யாரு கொடுப்பா'ங்கிற நெருக்கடின்னு தனி ரூம்லதான் பேச முடியும். உங்க வீட்டுல டோனர் அம்மாவா இருந்தா, அந்த ரூமுக்குள்ள நீங்க போகாதீங்க. வெளியில உட்காருங்க.

எங்க சொந்தக்காரங்க பேச்சு வேற திசையில. "கல்யாணம் ஆகாத பொண்ணு, நாளைக்குக் குழந்தை பிறக்குமா?" அவங்க கேட்ட விதம் எரிச்சலா இருந்தாலும், கேள்வி சரியானதுதான். ஒரு கிட்னி கொடுத்த பெண்கள் நல்லபடியா குழந்தை பெத்துக்கலாம், நிறைய பேர் பெத்திருக்காங்க. ஆனா 2015-ல வந்த கனடா ஆய்வுல, கிட்னி கொடுத்த பெண்களுக்கு கர்ப்ப காலத்துல பிரஷர் பிரச்சனை 11 சதவீதம், கொடுக்காத ஆரோக்கியமான பெண்களுக்கு 5 சதவீதம். அதனால கர்ப்பம்னு தெரிஞ்ச முதல் நாள்லயே மகப்பேறு டாக்டர்கிட்ட "நான் டோனர்"னு சொல்லிடணும்.

இன்னொரு எண்ணும் சொல்றேன். "கிட்னி கொடுத்தவங்களுக்குக் கிட்னி ஃபெயிலியர் வர்றது பொது மக்களை விடக் குறைவு"ன்னு கவுன்சலிங்ல கேள்விப்படுவீங்க. பொய் இல்லை, ஆனா ஒப்பீடு சரியில்லை. டோனரா தேர்வாகிறவங்க ஏற்கனவே வடிகட்டின ஆரோக்கியசாலிங்க. அமெரிக்காவுல 2014-ல வெளியான ஆய்வுக் கணக்குப்படி, வாழ்நாள்ல கிட்னி செயலிழக்கிற வாய்ப்பு டோனர்களுக்கு 10,000 பேருக்கு 90. பொது மக்களுக்கு 326. ஆனா டோனர் மாதிரியே ஆரோக்கியமா இருந்து கொடுக்காதவங்களுக்கு 14. நீங்க பார்க்க வேண்டியது அந்த 14-ஐ. 90ங்கிறது நூத்துல ஒண்ணுக்கும் கீழே. எனக்கு அது ஏத்துக்கக்கூடிய எண்ணா இருந்தது. உங்களுக்கு இல்லாம போகலாம், அதுவும் நியாயம்தான்.

உடம்பைத் தயார் பண்ற விஷயம். சிகரெட் பிடிக்கிறவங்க சில வாரம் முன்னாடியே நிறுத்தணும், நுரையீரலுக்காக. ஈஸ்ட்ரோஜன் இருக்கிற கருத்தடை மாத்திரை எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும். ரத்தம் உறையற அபாயம் இருக்கிறதால ஒரு மாசம் முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க. அம்மா பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்ல முடியலைன்னா நர்ஸ்கிட்ட தனியா சொல்லுங்க. மூணு பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுப்பாங்க. எல்லாரும் அதை ஊதுறாங்க. ஊதக் கூடாது, மூச்சை உள்ளே இழுத்துப் பந்தைத் தூக்கணும். ஆபரேஷனுக்கு முன்னாடியே பழகிட்டா அப்புறம் சுலபம். அதே மாதிரி கட்டில்ல நேரா எழுந்திருக்காம, பக்கவாட்டுல புரண்டு கையை ஊன்றி எழுந்திருக்கவும் பழகுங்க. இடுப்பை இறுக்குற பேன்ட் எதுவும் ஒரு மாசத்துக்கு வேண்டாம். நைட்டிதான் தேசிய உடை.

லீவு. மத்திய அரசு ஊழியர் உறுப்பு கொடுத்தா 42 நாள் வரைக்கும் சிறப்பு விடுப்பு உண்டு, 2023-ல உத்தரவு வந்தது. பிரைவேட்ல அப்படி எதுவும் கட்டாயம் இல்லை. நான் வேலை பார்த்த ஐடி கம்பெனியோட லீவு சாஃப்ட்வேர்ல எனக்குப் பொருந்துற ஒரு கட்டமே இல்லை. கடைசியில சிக் லீவு பத்து நாள், மிச்சத்துக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். ஆபரேஷன் தேதிக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட எழுத்துல வாங்கிடுங்க. இன்ஷூரன்ஸையும் படிச்சுப் பாருங்க. டோனரோட ஆபரேஷன் செலவை ஏத்துக்கிட்டு, அதுக்கு முந்தின டெஸ்ட்டையும் பிந்தின செக்கப்பையும் விட்டுடுற பாலிசிகள் நிறைய.

ஆபரேஷன் எனக்கு நினைவே இல்லை, சொல்ல அதிகம் இல்லை. 1954-ல பாஸ்டன்ல நடந்த முதல் வெற்றிகரமான கிட்னி மாற்றுல, ரொனால்ட் ஹெரிக் தன் இரட்டைச் சகோதரனுக்குக் கொடுத்தார். அதுக்கப்புறம் 56 வருஷம் வாழ்ந்தார். அந்தக் காலத்துல விலாப்பக்கம் நீளமா கிழிப்பாங்க. 1995-ல லேப்ராஸ்கோப்பி வந்தது. எனக்கு வயித்துல சின்னச் சின்ன ஓட்டைகள், கிட்னியை வெளியே எடுக்க அடிவயித்துல சிசேரியன் மாதிரி ஒரு வெட்டு.

கண் முழிச்சப்ப வெட்டின இடத்தை விட வலது தோள்பட்டை வலிச்சது. பயந்துட்டேன். உள்ளே இடம் கிடைக்க வயித்துக்குள்ள கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புவாங்க. மிச்ச வாயு உதரவிதானத்தை உறுத்துறப்ப, அந்த நரம்பு வழியா வலி தோள்ல தெரியும். நடந்தாத்தான் குறையும். மறுநாளே நடக்க வெச்சாங்க, மூத்திரக் குழாய்ப் பையைக் கையில பிடிச்சுக்கிட்டு. இரும வந்தா தலையணையை வயித்துல அழுத்திக்கணும். சிரிக்க வைக்கிற ஃபிரெண்ட்ஸை ஒரு வாரத்துக்குப் பார்க்க விடாதீங்க. பலமான வலி மருந்தால மலச்சிக்கல் வரும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்றதில்லை.

அண்ணன் தனி ஐசியூவுல. குடும்பம் மொத்தமும் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே. அம்மா என் வார்டுக்கு ஓடி வந்து, "பாப்பா, அண்ணனுக்கு ஆறு லிட்டர் யூரின் போயிருக்காம்!"னு சொல்லிட்டு அழுதாங்க. நானும் அழுதேன். சந்தோஷம்தான், என் கிட்னி அங்கே வேலை செய்யுது. அடுத்த நிமிஷம் அம்மா திரும்பப் போயிட்டாங்க. நான் பாத்ரூம் போக பெல் அடிச்சுட்டு நர்ஸுக்காகக் காத்திருந்தேன். அண்ணனோட கிரியாட்டினின் அன்னைக்கு எவ்வளவுன்னு திருநெல்வேலி சித்தப்பாவுக்குக் கூடத் தெரியும். என்னோடது யாருக்கும் தெரியாது. 0.7-ல இருந்து 1.1 ஆகியிருந்தது. பாதி கிட்னி போனா எண் ஏறத்தான் செய்யும். மிச்சமிருக்கிறது கூடுதலா உழைச்சு, மொத்தத்துல பழைய திறன்ல மூணுல ரெண்டு பங்கு அளவுக்கு வந்துடும்.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு அண்ணனுக்குத் தடிமனா ஒரு ஃபைல், மருந்து அட்டவணை, அடுத்தடுத்து வர வேண்டிய தேதிகள். எனக்கு ஒன்றரைப் பக்கம். "தையல் பிரிக்க வரவும்." அவ்வளவுதான். அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம்னு எதுவும் இல்லை. அது எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப் போறதில்லை, ஏன்னா வேற ஊர்கள்ல கொடுத்தவங்களும் இதையேதான் சொல்றாங்க. நானா ஒரு ஃபைல் வாங்கி என் பேர் எழுதினேன். வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷர், கிரியாட்டினின், யூரின்ல புரோட்டீன். இந்த மூணும் வாழ்நாள் முழுக்க. மெடிக்கல் ஷாப்ல நாமே வாங்கிப் போடுற ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளைத் தொடுறதில்லை. ஜிம் போறவங்க புரோட்டீன் பவுடருக்கும் கிரியேட்டினுக்கும் முன்னாடி கிட்னி டாக்டரைக் கேளுங்க. கிரியேட்டின் ரத்த டெஸ்ட் எண்ணையே குழப்பும்.

வீட்டுக்கு வந்த பிறகு வெளியில பார்க்க ஒண்ணும் தெரியாது. அதுதான் சிக்கல். நாலு முதல் ஆறு வாரத்துக்கு அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது, உள்தையல் ஆறணும். ஒரு தண்ணி கேன் 20 கிலோ. சிலிண்டர் 30 கிலோவைத் தொடும். பால்கனிக்குத் தூக்கிட்டுப் போற ஈரத்துணி பக்கெட்டே அஞ்சைத் தாண்டும். ஸ்கூட்டியை சென்டர் ஸ்டாண்ட் போடுறதும் இந்தக் கணக்குல வரும். களைப்பு எனக்கு ரெண்டு மாசம் இருந்தது. மதியம் மூணு மணிக்கு யாரோ சுவிட்சை அணைச்ச மாதிரி இருக்கும். மூணாவது வாரம் அண்ணனுக்கு கிரியாட்டினின் ஏறி, பயாப்சி எடுத்து, ஸ்டீராய்டு கொடுத்து அடங்கினது. அந்த நாலு நாள் நான் யார்கூடவும் பேசலை. கொடுத்தது வீணாப் போயிருமோங்கிற நினைப்பு. ஆபரேஷனுக்கு அப்புறம் டோனருக்கு மனசு சோர்வது பலருக்கும் நடக்கிறதுதான்னு பிறகு கவுன்சலர் சொன்னாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா கேட்டுக்கிட்டுப் போங்க.

இப்ப அந்த மெசேஜுக்கு வர்றேன், அம்மா அப்பாவுக்குக் கொடுக்கிற வீட்டுக்கு. ஆஸ்பத்திரியில ரெண்டு பேஷன்ட், அதனால கூட இருக்க ரெண்டு ஆள் வேணும். அம்மாவுக்குன்னு ஒரு ஆளை இப்பவே முடிவு பண்ணுங்க. அந்த ஆள் அப்பாவைப் பார்க்க ஓடக் கூடாது. டிஸ்சார்ஜுக்கு அப்புறம் ஆறு வாரத்துக்கு சமையலுக்கு ஒரு ஏற்பாடு வேணும். அப்பாவுக்குப் பத்தியச் சாப்பாடு, கொதிக்க வெச்ச தண்ணி, மருந்து நேரம், இதெல்லாம் பழக்கத்துல அம்மா தலையிலதான் விழும், அவங்களும் மறுக்க மாட்டாங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு டாக்டர்கிட்ட, "அம்மாவுக்கு அடுத்த செக்கப் எப்ப?"ன்னு கேட்டு, தேதியை எழுதி வாங்கிட்டுத்தான் லிஃப்ட் ஏறணும். எனக்கு இந்த வருஷ டெஸ்ட் போன செவ்வாய்க்கிழமை எடுத்தாங்க. கிரியாட்டினின் 1.0, பிரஷர் 118-க்கு 76. அண்ணன்தான் பைக்ல கூட்டிட்டுப் போனான்.