சக்திக்கேற்ற பங்கே!

(பட்டிமன்றத் தலைப்பு: அண்டை நாடுகளின் கூட்டுப் பாதுகாப்புச் செலவுக்குச் சரியான வழி சமபங்கா? சக்திக்கேற்ற பங்கா? இடம்: நெருப்பெரிச்சல், திருப்பூர்.)

 

எனக்கு முன்னாடி பேசிய எதிரணி நண்பர் நியாயமாத்தான் ஆரம்பிச்சாரு. “நாலு நாடு சேர்ந்து காவல் போட்டா, நாலு பேரும் சமமாக் கட்டணும். அப்பத்தான் நாலு பேருக்கும் சம மரியாதை”ன்னாரு. நீங்களும் கை தட்டினீங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, கட்டிப் பார்த்தவங்களைக் கேட்கணுமில்லீங்களா?

கட்டிப் பார்த்தவர் ஒருத்தர் நம்ம நாட்டிலேயே இருந்தார். ஆற்காட்டு நவாப் முகமது அலி. தன் நாட்டைக் காக்கக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை நம்பினார். படைச் செலவுக்கு 1792 உடன்படிக்கையிலே பேசிய தொகை, வருஷத்துக்கு 9 லட்சம் வராகன். மழை பெஞ்சாலும் 9 லட்சம், பெய்யாட்டியும் 9 லட்சம். ஹைதர் அலியோடு நடந்த போரிலே ஊரே சாம்பலாகிக் கிடந்த சீமை அது! எங்கே போவார் மனுஷன்? இதுக்கெல்லாம் முன்னாலிருந்தே சென்னையிலிருந்த வெள்ளைக்காரர்களிடம் வட்டிக்கு வாங்கினவர் அவர். அந்தக் கடன் கதை நாறிப்போய், 1785-லே எட்மண்ட் பர்க் லண்டன் பாராளுமன்றத்திலேயே எழுந்து பேசுகிற அளவுக்குப் போயிருந்தது.

அப்புறம் என்ன ஆச்சு? பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூல் பண்ணுற உரிமையும் அதே 1792-லே கம்பெனி கைக்குப் போச்சு. கட்டபொம்மனிடம் கிஸ்தி கேட்ட கதையை நீங்க சினிமாவிலே பார்த்திருப்பீங்க. அதுக்கு வேர் இந்தப் படைச் செலவுப் பாக்கியிலேதாங்க இருக்கு. 1801-லே கர்நாடக ஆட்சி முழுசாக் கம்பெனிக்குப் போய், நவாப் குடும்பத்துக்கு வருமானத்திலே ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மிஞ்சியது. காவலுக்கு வந்தவன் வீட்டுக்காரன் ஆயிட்டான்!

“அது சமபங்கு இல்லையே”ம்பார் நண்பர். ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டுக்கும் சுபாவம் ஒண்ணுதான். வருமானத்தைப் பார்க்காம, தலையைப் பார்த்துத் தொகை எழுதறது. எளியவன் பாக்கி வைப்பான். பாக்கி வச்சவனுக்கு மரியாதை ஏதுங்க?

நம்ம ஊருக்கே வருவோம். சாயத் தண்ணியைச் சுத்தம் பண்ணப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் போட்டோம். நாளைக்கு லட்சக்கணக்கான லிட்டர் விடுறவரும், ஒரு ஓரமாச் சின்னப் பட்டறை வச்சிருக்கிறவரும் ஒரே பணம் கட்டணும்னா எவன் சேருவான்? விடுற தண்ணிக்குத் தக்கபடிதான் பங்கு. சேராம விட்டுட முடியுமா? 2011 ஜனவரியிலே உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப, பெரியவர், சின்னவர் எல்லார் கதவும் சேர்ந்துதான் சாத்துச்சு. ஒருத்தன் ஓட்டை எல்லாருக்கும் ஓட்டை. எல்லைக் காவலும் அப்படித்தான்.

இப்ப, நாம பனியன் அனுப்புற ஐரோப்பாவைப் பாருங்க. 27 நாடு சேர்ந்த ஒன்றியம். ராணுவ நடவடிக்கைச் செலவைப் பொது பட்ஜெட்டிலே எழுதக் கூடாதுன்னு அவங்க ஒப்பந்தமே சொல்லுது. அதனாலே 2021-லே பட்ஜெட்டுக்கு வெளியே தனியா ஒரு நிதி தொடங்கினாங்க. யார் எவ்வளவு? அந்தந்த நாட்டு வருமானக் கணக்குப்படி! 2025-லே இன்னொரு படி மேலே போய், ஒன்றியத்தின் பேரிலே 15,000 கோடி யூரோ வரை கடன் வாங்கி, ஆயுதம் வாங்க வேண்டிய உறுப்பு நாடுகளுக்குக் கொடுக்க முடிவு பண்ணினாங்க. திருப்பிக் கட்ட 45 வருஷம் வரை தவணை. அதிகப் பங்கு யாருக்குன்னு நினைக்கிறீங்க? பக்கத்திலேயே போர் நடக்கிற போலந்துக்கு. நவாப் தனியாப் போய் வட்டிக்காரனிடம் நின்னார். இவங்க கூட்டாப் போய்க் கையெழுத்துப் போடுறாங்க. அந்த வித்தியாசத்தை யோசிங்க.

“அதிகம் கட்டுறவன் நாட்டாமை பண்ண மாட்டானா?” இது நல்ல கேள்வி, தட்டிக் கழிக்க மாட்டேன். நேட்டோவிலே 32 நாடு. பொதுச் செலவு வருமானக் கணக்குப்படிதான். அமெரிக்கா ஒரு காலத்திலே 22 சதவீதத்துக்கு மேலே கட்டிச்சு. 2019-லே பேசிக் குறைச்சு, ஜெர்மனியும் அமெரிக்காவும் ஏறக்குறைய 16 சதவீதம்னு ஒரே அளவுக்கு வந்தாங்க. முடிவு எடுக்கிறப்போ ஓட்டுப் பெட்டி கிடையாது. எல்லாரும் சம்மதிச்சாத்தான் தீர்மானம். குட்டி நாடு ஐஸ்லாந்து, சொந்தமா ராணுவமே இல்லாத நாடு, அதுக்கும் அங்கே நாற்காலி உண்டு. அதுக்காக அமெரிக்காவின் குரல் அங்கே ஓங்கலைன்னு நான் சொல்லலை. ஓங்குது. ஆனா அந்தக் குரல் வர்றது பொது உண்டியல்லேருந்து இல்லீங்க, அவங்க சொந்தப் படையிலேருந்து. சமபங்கு வச்சா மட்டும் அந்தப் படை சின்னதாயிடுமா?

மணி அடிச்சுட்டீங்க, நடுவர் அவர்களே. ஒரே ஒரு கேள்வி, அடுத்துப் பேச வர்ற எதிரணித் தம்பிக்கு. ஜெர்மனியிலே 8 கோடிப் பேர். மால்டாவிலே சுமார் அஞ்சரை லட்சம் பேர். ரெண்டும் அதே ஒன்றியம். ரெண்டு பேரும் சமமாக் கட்டணும்னா, மால்டாவாலே முடிஞ்சதை ஜெர்மனி கட்டுறதா, ஜெர்மனியாலே முடிஞ்சதை மால்டா கட்டுறதா? தொகையைச் சொல்லிட்டுப் பேச்சை ஆரம்பிக்கட்டும்.