முதலில் பிறந்த தேதியைக் கேளுங்கள்

(இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் சட்ட உதவி முகாம் நடத்தவிருக்கும் தோழர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில், நமது வழக்கறிஞர் அணி சார்பில் ஆற்றிய உரை. வர முடியாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே பதிகிறோம்.)



நான் செய்த ஒரு தப்போடு ஆரம்பிக்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு முகாமில் ஒரு அக்கா என்னிடம் கேட்டார்கள்: "தம்பி, நான் 90-ல படகுல வந்தவ. வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர்தான். என் பிள்ளைங்களுக்கு பாஸ்போர்ட் கிடைக்குமா?" நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "அப்பா இந்தியக் குடிமகன்தானே அக்கா, கவலையே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டேன்.

மகள் 2003-ல் பிறந்தவர். அவருக்குக் கிடைத்துவிட்டது. மகன் 2006-ல் பிறந்தவன். பத்தொன்பது வயதில் வளைகுடா வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பாஸ்போர்ட்டுக்குப் போட்டான். அம்மாவின் விவரம் கேட்டார்கள், அங்கேயே நின்றது. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே வீடு. அக்கா இந்தியர், தம்பி இல்லை.

எப்படி என்று கேட்பீர்கள். இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955-ன் மூன்றாவது பிரிவை எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் பிறந்தவர்களை அது தேதி வைத்து மூன்றாகப் பிரிக்கிறது. 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்தவர், அப்பா அம்மா யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் மாதிரி சில விலக்கு உண்டு, அது நமக்குத் தேவையில்லை. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்திருந்தால், பிறந்த நேரத்தில் அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-லிருந்து அதுவும் போதாது. இரண்டு பேரும் இந்தியராக இருக்கணும். ஒருவர்தான் இந்தியர் என்றால், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசா இல்லாமல் உள்ளே வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. விசாவோடு வந்து காலம் முடிந்தும் தங்கியவரும் அப்படித்தான். 2003-ல் கொண்டுவந்த திருத்தம் இது. குண்டுக்குப் பயந்து தலைமன்னாரில் படகு ஏறியவர் விசா வாங்கிக்கொண்டா வருவார்? அரசுதான் அவரை மண்டபத்தில் இறக்கிப் பதிவு செய்தது, அடையாள அட்டை கொடுத்தது, மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது. ஆனாலும் சட்டத்தின் கண்ணுக்கு அவர் சட்டவிரோதக் குடியேறி.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் அம்மா என்னைக் கேட்டபோது அவனுக்குப் பதினாறு வயது. சட்டத்தில் 5(4) என்று ஒரு உட்பிரிவு இருக்கிறது. விசேஷமான சூழ்நிலை இருந்தால் எந்த மைனர் பிள்ளையையும் இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. கட்டாயம் கொடுக்கணும் என்று இல்லை, ஆனால் கேட்கலாம். அன்றைக்கே கேட்டிருக்கலாம். நான் தேதி கேட்கவில்லை, அதனால் அவர்களும் விண்ணப்பிக்கவில்லை. இப்போது பதினெட்டைத் தாண்டிவிட்டான். இந்திய வம்சாவளியினர் ஏழு வருடம் இங்கே வசித்திருந்தால் பதிவு கேட்கலாம் என்கிற வேறு உட்பிரிவில் போட்டிருக்கிறோம். இங்கேயே பிறந்தவன், எல்லை தாண்டி 'உள்ளே வந்தவன்' இல்லை என்பது எங்கள் வாதம். பதில் வரவில்லை. வளைகுடா வேலை போய்விட்டது. பெயிண்டிங் வேலைக்குப் போகிறான். என்னைப் பார்த்தால் இன்னும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் முகாமுக்குப் போனால் ஆளை உட்கார வைத்து, பிள்ளைகள் ஒவ்வொருவரின் பிறந்த தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். பதினெட்டு ஆகாத பிள்ளை இருந்தால் அதன் பெயருக்குக் கீழே கோடு போடுங்கள். நாம் ஓட வேண்டியது அந்தப் பிள்ளைக்காகத்தான்.

1987 ஜூலைக்கு முன்னால் இங்கே பிறந்தவர்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள். 83-க்குப் பிறகு வந்த முதல் அலையில், 84, 85, 86-ல் முகாமிலேயே பிறந்த குழந்தைகள் இருக்கிறார்கள். இப்போது அவர்களுக்கே கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கும். அவர்கள் யாரிடமும் குடியுரிமை கேட்டு மனுப் போடத் தேவையில்லை, ஏற்கெனவே குடிமக்கள். இது பலருக்கும் தெரியாது, சில அதிகாரிகளுக்கும் தெரியாது. அப்படிப் பிறந்த ஒருவருக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ல் உத்தரவு போட்டிருக்கிறது. தேவை பிறப்புச் சான்றிதழ். வீட்டில் பிரசவம் ஆகி, பதிவே செய்யாமல் விட்டிருந்தால், தாமதப் பதிவுக்கு வழி இருக்கிறது. அந்த வேலையை நாம் கூட நின்று செய்து கொடுக்கணும். இவர்கள் குடிமக்கள் என்று நிலைநாட்டினால் இவர்களுடைய பிள்ளைகளின் கணக்கும் மாறும் என்பதை மறக்காதீர்கள்.

அடுத்து எல்லா முகாமிலும் கேட்பார்கள்: "எங்ககிட்ட ஆதார் இருக்கே?" ஆதார் வசிப்பதற்கான அடையாளம், குடியுரிமைக்குச் சான்று இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். யாராவது புரோக்கர் "ஆதாரை வைத்து வாக்காளர் அட்டை எடுத்து, அப்படியே பாஸ்போர்ட்டும் எடுத்துத் தர்றேன்" என்றால், அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லுங்கள். பொய்யான உறுதிமொழி கொடுத்து பாஸ்போர்ட் வாங்கினால் கிரிமினல் வழக்கு. நாளைக்கு நியாயமான மனுப் போட்டாலும் அந்த வழக்கு குறுக்கே நிற்கும். நம் கட்சிக்காரர் யாராவது 'உதவி செய்றேன்' என்று இப்படிச் செய்தாலும் தப்பு தப்புதான்.

மலையகக் குடும்பங்களுக்குக் கேள்வியே வேறு. 1948-ல் இலங்கை அரசு தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பேசுவது என்றார்கள். 1974-ல் அதையும் ஆளுக்கு 75,000 என்று பங்கு பிரித்தார்கள். மனுஷங்களைத்தான் சொல்கிறேன். இந்தக் குடும்பங்களில் தாத்தா பாட்டி இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள், சிலருக்குக் கிடைத்தும் இருக்கும். கலவரம் வந்து, படகேறி, அகதியாகப் பதிவாகியிருப்பார்கள். ஆகவே பழைய பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கண்டியில் இந்திய உதவித் தூதரகம் கொடுத்த தாள், பழைய இந்திய பாஸ்போர்ட், தோட்டத்துப் பதிவு, எதுவாக இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். 2019-ல் மதுரைக் கிளை இப்படிப்பட்ட 65 பேர் வழக்கில், மனுக்களை வாங்கி மத்திய அரசுக்கு அனுப்பவும், 16 வாரத்தில் முடிவு எடுக்கவும் சொன்னது. கோர்ட்டே குடியுரிமை கொடுத்ததாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, பரிசீலிக்கத்தான் சொன்னது.

2019-ல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றியும் கேட்பார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைத்தான் அது சொல்கிறது. இலங்கை இல்லை. இந்துவாக இருந்தாலும் கிறிஸ்தவராக இருந்தாலும் ஈழத்தமிழருக்கு அதில் இடமில்லை. 2025-ல் ஒரு விலக்கு ஆணை வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை இல்லை என்றார்கள். ஜெயில் பயம் போகும் என்பதால் அது நல்லதுதான். ஆனால் அது குடியுரிமை இல்லை. வாட்ஸப்பில் 'எல்லாருக்கும் குடியுரிமை' என்று வந்ததை நம் தோழர்களே பரப்பினார்கள். தயவுசெய்து வேண்டாம். நாற்பது வருஷம் காத்திருக்கிற ஜனங்களிடம் அந்தச் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மறுநாள் இல்லை என்று சொல்ல உங்களால் முடியுமா?

குழந்தை பிறந்ததை சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியலாமா என்று கேட்பார்கள். பதிந்தால் இந்தியக் குடியுரிமை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். பதியவில்லை என்றால் பிள்ளை இரண்டு நாட்டுக்கும் இல்லாமல் போகும் அபாயம். திரும்பிப் போக நினைக்கிற குடும்பம் தாமதிக்கக் கூடாது. இங்கேயே இருக்க நினைக்கிற குடும்பத்துக்குப் பொதுவான பதில் கிடையாது, அவரவர் தாள்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நீங்களாக எதுவும் சொல்லாமல் எங்களிடம் அனுப்பிவிடுங்கள்.

அடுத்த மாதம் நாம் போகிற முகாம்களின் பட்டியல் மாவட்டப் பொறுப்பாளர்களிடம் இருக்கிறது. கொடியும் பேனரும் வாசலோடு நிற்கட்டும். உள்ளே ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு ஸ்கேனர் போதும். பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், அம்மா வந்த வருஷம், எப்படி வந்தார், அப்பா எங்கே பிறந்தார். இந்த ஆறு விவரமும் இல்லாமல் எந்த மனுவும் என் மேஜைக்கு வரக் கூடாது.